மோதலுக்குப் பின் முதலில் எடுக்க வேண்டியது: டயல் கேஜா, பால்பாரா, லேசரா?

மெஷினிங் சென்டரின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரம்) ஸ்பிண்டில், அதாவது டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு, பீஸைப் பிடிக்கும் வைஸிலோ மேசையிலோ மோதிய பிறகு, அலாரத்தை நீக்கிவிட்டு ஒரு பீஸ் ஓட்டிப் பார்ப்பது பலரும் செய்வதுதான். ஆனால் பீஸில் தெரியும் பிழையில் டூல், பிக்சர் (பீஸைப் பிடிக்கும் அமைப்பு), ஆப்செட் (கன்ட்ரோலில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) எல்லாம் கலந்திருப்பதால், இயந்திரத்தில் எது கெட்டது என்பதை அதைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

என் கருத்தில் முதலிடம் டயல் கேஜுக்கும் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) டெஸ்ட் பாருக்கும்தான் (ஸ்பிண்டிலில் மாட்டும் துல்லியமான உருளைத் தண்டு). பாரின் ரன் அவுட்டை (சுழலும்போது மையத்திலிருந்து விலகி ஆடும் அளவை) ஸ்பிண்டில் முகப்பருகிலும் 300 மி.மீ. கீழேயும் பார்த்துவிட்டு, பாரைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டி மறுபடி பார்க்க வேண்டும். மேடான இடம் பாரோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை பாரில். ஸ்பிண்டிலின் அதே பக்கத்தில் நின்றால் டேப்பரிலோ (பார் உட்காரும் கூம்புத் துளை) ஸ்பிண்டிலிலோ. ஸ்பிண்டிலை 180 பாகை சுழற்றி எடுத்த இரு அளவுகளின் சராசரியே இசட் (மேல்கீழ்) நகர்வின் நெடுகிலும் சாய்ந்துகொண்டு போனால், ஹெட் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) அசைந்திருக்கிறது என்று பொருள்.

அச்சுகளிலும் இதே டயல் கேஜ் காரணம் வரை கொண்டுபோகும். மேசையை நெம்பித் தள்ளும்போது அது நகர்ந்தால், கேஜ் முனையைப் பால் ஸ்க்ரூவின் (மேசையை நகர்த்தும் திருகுத் தண்டு) நுனியில் வைத்து மீண்டும் தள்ளிப் பார்க்கலாம். ஸ்க்ரூவும் நீளவாக்கில் நகர்ந்தால் அதை நீளவாக்கில் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும், ஸ்க்ரூ அசையாமல் மேசை மட்டும் நகர்ந்தால் ஸ்க்ரூவில் ஓடி மேசையை நகர்த்தும் நட்டையும் அதன் போல்ட்டுகளையும் சந்தேகிக்க வேண்டும்.

பால்பார் என்பது ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் இடையே மாட்டி, இயந்திரம் வட்டம் போடும்போது ஆரம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் கோல். அதன் பலம் வேகமும் முழுமையும். ஒரே வட்டத்தில் இரண்டு அச்சுகளின் பேக்லாஷ் (திசை மாறும்போது தெரியும் தளர்வு), செங்கோணப் பிழை, சர்வோ பொருத்தமின்மை (இரு அச்சுகளின் மோட்டார் கட்டுப்பாடும் ஒரே சீராக இயங்காமை) மூன்றும் தெரியும். வட்டம் 45 பாகையில் நீள்வட்டமாகி, வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் சாய்வு மாறாதிருந்தால் அது செங்கோணப் பிழை; திசையோடு சாய்வும் மாறினால் சர்வோ. இருந்தாலும், பேக்லாஷை வட்டத்தில் ஒரு படிபோலக் காட்டும் பால்பார், அது நட்டிலிருந்து வந்ததா பேரிங்கிலிருந்து வந்ததா என்று சொல்லாது. என்கோடர் (அச்சின் இடத்தை அளக்கும் உணரி) மோட்டாரில் இருக்கும் அச்சில், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் ஒருமுறை வழுக்கி மீண்டும் இறுகப் பிடித்துக்கொண்டால், அச்சு முழுவதும் ஒரே அளவு தள்ளிப்போயிருக்கும். வட்டத்தின் மையத்தைக் கணக்கில் கழித்துவிடும் பால்பாருக்கு அது தெரியவே தெரியாது. மேசையில் நிலையான ஒரு முகப்பிலிருந்து ஹோம் பொசிஷனை (அச்சின் தொடக்க இடம்) அளந்தால்தான் பிடிபடும்.

ஸ்பிண்டில் பேரிங்கின் ஓடுபாதையில் விழுந்த பள்ளங்களை டயல் கேஜ், பால்பார், லேசர் மூன்றுமே தவறவிடக்கூடும். அதற்கு அதிர்வு அளவீடு வேண்டும்; முன்பு எடுத்து வைத்த பதிவு இருந்தால் ஒப்பிடுவது எளிது.

லேசர் இன்டர்பெரோமீட்டர் (லேசர் ஒளியால் அச்சின் நகர்வை அளக்கும் கருவி) மூன்றிலும் நுட்பமானது. ஆனால் மோதலுக்குப் பிந்தைய நோயறிதலில் அதன் இடம் கடைசி. அமைக்க நேரமாகும், ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் வரை நீளுவதால், வெப்பநிலையையும் கவனித்தாக வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, லேசர் தரும் பிழை அட்டவணையை உடனே பிட்ச் காம்பன்சேஷனில் (அச்சின் பிழையைக் கன்ட்ரோல் எண்களால் ஈடுகட்டும் வசதி) ஏற்றிவிடும் ஆசை. தளர்ந்த நட்டையோ அடிபட்ட பேரிங்கையோ அப்படியே விட்டுவிட்டு எண்களால் மூடினால், அந்தத் தளர்ச்சி வளர வளர எண்கள் பொய்யாகும். உறுப்பை மாற்றி, பால்பார் வட்டம் சீரான பிறகே லேசரை வைக்க வேண்டும்.