பழைய சி.எம்.எம்.: ஒப்பேற்றுவதா, ரெட்ரோஃபிட்டா, புதிதா?

எங்கள் சி.எம்.எம். (பாகங்களைப் புரோப் முனையால் தொட்டு அளவு பார்க்கும் இயந்திரம்) நின்றுபோனதற்குக் காரணம் இயந்திரம் இல்லை, அதோடு இருந்த கணினி. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறையில் 1990-களின் கடைசியில் தயாரான பிரிட்ஜ் வகை இயந்திரம் ஒன்று இருக்கிறது. கிரானைட் மேஜை, காற்றுப் படலத்தில் மிதந்து ஓடும் ஏர் பேரிங், மூன்று அச்சிலும் கண்ணாடி ஸ்கேல். கணினிக்குள் ஒரு ஐஎஸ்ஏ கார்டு, அந்தக் காலத்துச் செருகு அட்டை. அதைச் செருக இடமுள்ள மதர்போர்டு இன்று சாதாரணக் கடையில் கிடைக்காது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து ஒப்பேற்று என்றார் ஒருவர். கன்ட்ரோலரையும் சாஃப்ட்வேரையும் மாற்றி ரெட்ரோஃபிட் பண்ணு என்றார் இன்னொருவர். முதலாளிக்கு மட்டும் புதிது வாங்கும் ஆசை.

மூன்றையும் எடை போடுவதற்கு முன்னால் இயந்திரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். பவர் சப்ளையை மாற்றியதும் கணினி தற்காலிகமாக உயிர் பெற்றது. அந்த அவகாசத்தில் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்தேன். எரர் மேப், அதாவது இயந்திரத்தின் பிழைகளைக் கணக்கில் திருத்த உதவும் அட்டவணை, எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. சில இயந்திரங்களில் கன்ட்ரோலருக்குள், சிலவற்றில் கணினிக்குள். அது போனால் திரும்ப வராது.

அடுத்தது மூலைவிட்டச் சோதனை. ஒரு கெட்டியான குழாயின் இரு முனையிலும் பேரிங் உருண்டை ஒட்டி, மையத்துக்கு மையம் 400 மி.மீ. வருகிற மாதிரி பால் பார் ஒன்றைப் பட்டறையிலேயே செய்தோம். மேஜையில் 45 டிகிரியில் ஒரு பக்கம் சாய்த்து வைத்து உருண்டைகளின் மைய தூரத்தை அளந்தோம். உடனே எதிர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை. எக்ஸும் ஒய்யும் சரியான செங்கோணத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாக வரும். பாரின் உண்மையான நீளம் தெரிய வேண்டியதே இல்லை, வித்தியாசம் மட்டும் போதும். எங்களுக்கு 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வந்தது. 400-ல் 3 என்றால் மீட்டருக்கு ஏழரை மைக்ரான் சாய்வு. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய இயந்திரத்துக்கு இது நல்ல உடம்பு. இசட் அச்சோடு சேர்த்துப் பார்த்த தளங்களும் ஏறக்குறைய அப்படியே. அப்புறம் காற்றைத் திறந்து ஒவ்வொரு அச்சையும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தோம். எங்கும் பிடிக்கவில்லை.

சரி, இனி ஒப்பீடு.

ஒப்பேற்றுவதில் பெரிய லாபம், எரர் மேப்பும் பழைய புரோகிராம்களும் அப்படியே தப்பிக்கும். செலவும் குறைவு. வாரத்துக்கு நாலு ஜாப் அளக்கிற பட்டறைக்கு இது போதும் என்றே சொல்வேன். ஆனால் கணினி மட்டும்தான் பழசு என்று நினைக்கக் கூடாது. கன்ட்ரோலருக்குள் கெபாசிட்டர்கள் உப்பத் தொடங்கியிருக்கும், கேபிள்கள் விறைத்திருக்கும். அடுத்து எது போகும் என்று தெரியாது, போனால் உதிரி கிடையாது. எங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. கஸ்டமர்கள் இப்போது டிராயிங்கோடு சி.ஏ.டி. மாடலையும் அனுப்புகிறார்கள், அதைப் பழைய சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை.

புதியதில் சந்தேகமில்லாத பலன்கள் உண்டு. வாரண்டி, வேகம், தொட்டபடியே நகர்ந்து அளக்கும் ஸ்கேனிங் புரோப். ஆனால் கேட்லாக்கில் போட்டிருக்கும் துல்லியத்தை நம் ஜாபின் டாலரன்ஸோடு (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2.0 + எல்/300 (எல் என்பது மி.மீ.யில் நீளம், விடை மைக்ரானில்) என்று போட்டிருந்தால் 500 மி.மீ. நீளத்தில் அனுமதிக்கப்பட்ட பிழை சுமார் 3.7 மைக்ரான். 3.5 + எல்/250 என்ற பழைய இயந்திரத்தில் அதே நீளத்துக்கு 5.5. எங்கள் ஜாப்களில் பெரும்பாலானவை 50 மைக்ரான் டாலரன்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் 1.8 மைக்ரானுக்காக அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதைவிட முக்கியம், புதிய இயந்திரமும் அதே அறையில்தான் நிற்கும். நீள அளவுகளுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. 500 மி.மீ. இரும்புத் துண்டு 25 டிகிரியில் இருந்தால் சுமார் 29 மைக்ரான் நீண்டிருக்கும். அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு. சாஃப்ட்வேர் ஈடுகட்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் துண்டின் வெப்பநிலையைச் சரியாகக் கொடுத்தால்தான் ஈடுகட்டும். மெஷினிலிருந்து சூடாக இறங்கிய ஜாபை உடனே மேஜையில் வைத்தால் எந்த இயந்திரமும் பொய்தான் சொல்லும்.

இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராத்திரி ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கடலோர ஈரக்காற்று உள்ளே நுழைந்து குளிர்ந்த கல்லின் மேல் படியும். கிரானைட் துருப்பிடிக்காது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி மைக்ரான் கணக்கில் வளையும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூர்ப் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரம் கழித்து இயந்திரத்தைத் திறப்பவர்கள், ஏ.சி. ஓடி அறையும் கல்லும் நிதானத்துக்கு வரும்வரை எதையும் அளக்காமல் இருப்பது நல்லது. கம்ப்ரஸர் காற்றுக்கும் இதே கவனம் வேண்டும். ஏர் பேரிங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை முன்னால் பிடித்து ஒரு நிமிஷம் காற்றைத் திறந்தேன். பேப்பரில் மஞ்சள் வட்டம் விழுந்தது. எண்ணெய். பேரிங்குக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் காற்றுப் படலம், அதற்குள் போகிற எண்ணெய் இது. அன்றைக்கே டிரையரும் ஃபில்டரும் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தன.

ரெட்ரோஃபிட்டில் கல், பேரிங், நல்ல நிலையில் இருந்தால் ஸ்கேல், இவை அப்படியே நிற்கும். கன்ட்ரோலர், கேபிள், புரோப் ஹெட், சாஃப்ட்வேர் மாறும். தொட்டதும் சிக்னல் தரும் பழைய டச் டிரிகர் புரோபுக்குப் பதில் ரெனிஷா டிபி20 மாதிரி ஒன்றைப் போட்டால், காந்தத்தில் ஒட்டும் மாட்யூலைச் சட்டென்று மாற்றி வேறு ஸ்டைலஸுக்கு, அதாவது தொடும் ஊசிக்கு, போகலாம். கிரானைட் வயதானால் கெடுவதில்லை, கெடுவது எலெக்ட்ரானிக்ஸ்தான். கெட்டதை மட்டும் மாற்றுவதால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. கடலூர் சிப்காட்டில் நண்பர் ஒருவர் இதே வேலையைச் செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "ஸ்லிப் கேஜ் எல்லாம் கரெக்டா வருதுண்ணே, ஆனா ஹோல் பொசிஷன் கஸ்டமர்கிட்ட ரிஜெக்ட் ஆகுது." போய்ப் பார்த்தேன். வேலை செய்தவர்கள் ஸ்லிப் கேஜை (நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) ஒவ்வொரு அச்சுக்கும் இணையாக வைத்துப் பார்த்துவிட்டு சர்ட்டிஃபிகேட் கொடுத்திருந்தார்கள். எங்கள் பால் பாரைச் சாய்த்து வைத்தோம். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 22 மைக்ரான். 300 மி.மீ. ஜாபில் செங்கோணம் 16 மைக்ரானுக்கு மேல் தப்பும். புதிய கன்ட்ரோலரில் எரர் மேப் காலியாகவே இருந்திருக்கிறது.

ஒவ்வொரு அச்சுக்கும் ஆறு பிழைகள்: நீளத்தில் ஒன்று, நேர்க்கோட்டிலிருந்து விலகுவதில் இரண்டு, சாய்வு, திருப்பம், உருளல் என்று மூன்று. மூன்று அச்சுக்கும் பதினெட்டு. அச்சுகளுக்கு இடையே செங்கோணம் தப்புவது மூன்று. ஆக 21. அச்சுக்கு இணையாக வைக்கும் ஸ்லிப் கேஜின் கண்ணுக்கு அந்தக் கடைசி மூன்றும் தெரியவே தெரியாது. கன்ட்ரோலரை மாற்றியும் மேப்பைப் புதிதாக எடுக்கவில்லை என்றால், கையில் இருப்பது புதுத் திரை மாட்டிய பழைய இயந்திரம்தான்.

அதனால் கொட்டேஷனில் 'கேலிப்ரேஷன்' என்று ஒரே வரியில் இருந்தால் விடாமல் கேளுங்கள், லேசரா, ஸ்டெப் கேஜா (தெரிந்த இடைவெளிகளில் படிகள் வைத்த அளவுகோல்) என்று. இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்று என்று விற்கிறார்கள். செய்கிற வேலை வேறு. ஹீலியம் நியான் லேசரின் அலைநீளம்தான் அளவுகோல் என்பதால் நீளப் பிழையை அச்சு முழுக்க நெருக்கமாக எடுக்கலாம், கண்ணாடிகளை மாற்றினால் சாய்வும் நேர்க்கோட்டு விலகலும் கிடைக்கும். மேப் போட இதுதான் தேவை. அறைக் காற்று 1 டிகிரி மாறினாலே மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரான் தப்பும் என்பதால், காற்றின் வெப்பமும் அழுத்தமும் கூடவே அளக்கப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஸ்டெப் கேஜ் மேப் போடுவதற்கில்லை, போட்ட மேப் சரியா என்று நிரூபிப்பதற்கு. சி.எம்.எம். சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 10360-2 சொல்வது 7 நிலைகள், ஒவ்வொன்றிலும் 5 நீளங்கள், ஒவ்வொரு நீளமும் 3 முறை. மொத்தம் 105 அளவீடுகள். அந்த ஏழு நிலைகளில் நான்கு, இயந்திரம் அளக்கும் இடத்தின் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்குப் போகும் மூலைவிட்டங்கள். செங்கோணப் பிழை அங்கே ஒளிந்துகொள்ள முடியாது. புரோபுக்குத் தனிச் சோதனை, உருண்டை ஒன்றில் 25 புள்ளிகள். தினமும் ஸ்டைலஸைத் தகுதி பார்க்கிற அதே உருண்டையை இதற்கு வைக்கக் கூடாது.

நாங்கள் ரெட்ரோஃபிட்டுக்குத்தான் போனோம். முதல் பணம் டிரையருக்கு, இரண்டாவது ராத்திரி பகல் ஓடும் ஏ.சி.க்கு, மூன்றாவதுதான் கன்ட்ரோலருக்கு. பேரிங் ஓடும் கல்லில் ஆழமான கீறல் இருந்தாலோ, 10 மைக்ரான் டாலரன்ஸ் ஜாப்கள் வரிசையில் நின்றாலோ, முதலாளி சொன்னபடி புதிதுக்கே கை நீட்டியிருப்பேன். ஆர்டரில் மூன்று வரி கூடுதலாக எழுதினோம்: 21 பிழைகளுக்கும் புதிய மேப், அந்த மேப்பின் நகல் எங்கள் கையில், ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (கேலிப்ரேஷன் ஆய்வகங்களுக்கான தரநிலை) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் ஸ்டெப் கேஜில் 105 அளவீடுகளும் தேறிய பிறகே கடைசித் தவணை.