கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் மட்டும் வலி குறைகிறதா?

யூரின் டெஸ்டில் கிருமி இல்லை, ஸ்கேனில் கருப்பையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பிறப்புறுப்பில் எரிச்சல், ஊசிக் குத்தல். சிலருக்கு ஆசையே இல்லாமல் வந்து மணிக்கணக்கில் விடாத கிளர்ச்சி. இதை வாய்விட்டுச் சொல்லப் பெண்கள் கூசுகிறார்கள். இந்த விடாத கிளர்ச்சிக்கென்று மருத்துவத்தில் ஒரு பெயர் வந்ததே 2001-இல்தான். தோல், ஹார்மோன் கோளாறுகள் இல்லை என்றானபின் தசை, நரம்பு, தண்டுவடத்தின் அடி என்ற மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

இடுப்பின் அடியில் தூளி கட்டினாற்போலத் தசைகள் உண்டு. அவை தளர்ந்தால் சிறுநீர் கசியும் என்பது பலருக்கும் தெரியும். இறுகினாலும் தொல்லைதான் என்பதுதான் தெரிவதில்லை. சிறுநீர் சட்டென்று வராது, மலம் கழிக்க முக்க வேண்டும், உறவின்போது வலிக்கும். இந்த நிலையில் யாராவது "கெகல் பயிற்சி செய்யுங்கள்" என்று இந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சியைச் சொல்ல, இறுகியதை இன்னும் இறுக்கி வலியைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. இங்கே வேண்டியது தசையைத் தளர்த்தும் பயிற்சி.

நரம்பு என்றால் பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு. உட்கார்ந்தால் வலி ஏறும், எழுந்தாலோ படுத்தாலோ இறங்கும். நடுவில் ஓட்டையுள்ள கழிப்பறை இருக்கையில் மட்டும் நிம்மதி. வலி பொதுவாகத் தூக்கத்தைக் கலைப்பதில்லை. அந்த நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டதும் வலி அடங்கினால், காரணம் இந்த நரம்புதான் என்ற சந்தேகம் வலுக்கும்.

ஆனால் இந்த இரண்டையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அந்த நரம்பு ஓடும் குழாயின் ஒரு சுவரே இடுப்புத் தசை ஒன்றின் உறைதான். தசை இறுகினால் நரம்பும் நசுங்கலாம்.

மூன்றாவது இடமான தண்டுவடத்தின் அடியில் கோளாறு என்றால், இடுப்பு வலி, காலில் இழுப்பு என்று முதுகின் அடையாளமும் சேர்ந்து வரலாம். டிஸ்க் கிழிசலோ, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்புக்குள் நரம்பு வேரில் வரும் டார்லோவ் நீர்க்கட்டியோ காரணமாகலாம். 2012-இல் வந்த ஓர் ஆய்வில், விடாத கிளர்ச்சி இருந்த 18 பெண்களில் 12 பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. ஆனால் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கும் இது இருப்பதுண்டு. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்ததாலேயே அதைக் குற்றவாளியாக்க முடியாது.

என்னைக் கேட்டால், இடுப்படித் தசை தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் முதலில் போவேன். கத்தியும் ஊசியும் அப்புறம். ஒரே விதிவிலக்கு: தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கால் பலம் குறைந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.