பார்ப்பதா, பழகுவதா, ஓய்வதா: காத்திருந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று இலக்குகள்

ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த வெளிநாட்டுப் பயணம் ஒருவழியாக உறுதியாகி, விடுப்பும் கிடைத்துவிட்ட பின், எங்கே போவது என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. அங்கே போய் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலோர் முன் இருப்பவை மூன்று வழிகள். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பது முதல் வழி. ஓவியம், நெடுநடை, அந்நாட்டு மொழி என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதைப் பழகுவதற்காகவே செல்வது இரண்டாவது. எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஓய்ந்திருப்பது மூன்றாவது. இவற்றை ஒப்பிடுவோர் வெளிநாட்டில் கழியும் நாட்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். புறப்படும் வரை காத்திருக்கும் மாதங்களும் பயணத்தின் பகுதிதான் என்பதால், அவற்றையும் சேர்த்தே எடைபோட விரும்புகிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் செல்லவிருந்தவர்கள் செல்லாதவர்களைவிடப் புறப்படும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பின்னரோ இரு சாராருக்கும் பெரும்பாலும் வேறுபாடு தெரியவில்லை. மிகுந்த ஓய்வாக விடுமுறையைக் கழித்தவர்கள் மட்டுமே அதற்கு விலக்கு. 2013இல் வந்த மற்றோர் ஆய்வு, சராசரியாக 23 நாள் விடுப்பில் இருந்த 54 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுடைய மனநலம் விரைவாக உயர்ந்து எட்டாம் நாளையொட்டி உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. உச்சம் இவ்வளவு குறுகியது என்றால், அதற்கு முன்பு நீளும் ஐந்தாறு மாதங்களை எந்த வழி நன்றாக நிரப்புகிறது என்பதைச் சிறிய விஷயமாகக் கொள்ள முடியாது.

பட்டியல் வழி காத்திருப்பை நிரப்புவதில் முதலில் வல்லதாகத் தோன்றும். வரைபடத்தை விரித்து இடங்களைக் குறிப்பதில் உண்மையான இன்பம் இருக்கிறது. நடைமுறைத் தடைகளை முன்கூட்டியே அறியவும் அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் திறப்பதில்லை. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா கோட்டையிலுள்ள நஸ்ரித் அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் குறித்த நேரத்தில்தான் நுழையலாம். இவற்றைப் பார்க்காமல் கிளம்புகிறவர் ஏமாறுவார். ஆனால் பட்டியலுக்கு எல்லை கிடையாது. லூவரில் காட்சிக்கு இருப்பவை மட்டும் ஏறத்தாழ 35,000 பொருட்கள். ஒவ்வொன்றையும் பத்து நொடி பார்த்தாலும் உறக்கமில்லாமல் நான்கு நாட்கள் ஆகும். ஓரிடத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க இன்னும் மூன்று இடங்கள் சேர, காத்திருப்பின் கடைசி மாதம் முன்பதிவுகளுக்கும் நேர அட்டவணைக்கும் போய்விடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் வெளியான ஒரு தொடர் ஆய்வில், பொழுதுபோக்கை இன்ன மணிக்கு என்று குறித்து வைத்தபோது மக்கள் அதை வேலையைப் போலவே உணர்ந்தார்கள். ‘மாலையில் ஒரு நேரம்’ என்று தளர்வாக வைத்தபோது அந்தப் பாரம் தெரியவில்லை. பட்டியல் நீளமானால் தளர்வுக்கு இடமிருப்பதில்லை.

பழகும் வழியின் பெருமை வேறு. அங்கே காத்திருப்பே இலக்கின் முதல் பாதியாகிவிடுகிறது. சென்ற இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், விசா வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாமல், இன்றே ஒரு பென்சிலை எடுத்து வீட்டு ஜன்னலை வரையத் தொடங்கலாம். நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் ஐந்து மாதம் வரைந்தால் முப்பத்தேழு மணி நேரத்துக்கு மேல் கை பழகியிருக்கும். கொரியா செல்பவர் ஹங்குல் எழுத்துகளைக் கற்கலாம். 1446இல் அரசர் செஜோங் வெளியிட்ட அந்த எழுத்துமுறையின் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் கூடி ஓர் அசையாவதால், உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு அதன் தர்க்கம் விரைவில் பிடிபட்டுவிடும். பொருள் தெரியாவிட்டாலும் பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படிக்க முடிகிற ஒருவருக்கு, அந்த ஊரின் தெரு வெறும் ஓவியமாக நின்றுவிடுவதில்லை. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் கடைசி நூறு கிலோமீட்டரையாவது நடந்து சான்றிதழ் பெற விரும்புகிறவர், புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே கால்களையும் காலணிகளையும் பழக்கியாக வேண்டும். அந்த நடைகள் ஒவ்வொன்றிலும் பயணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கிவிடுகிறது.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. ஜெர்மன் கவிஞர் கோதே, தந்தையின் வீட்டுச் சுவரில் தொங்கிய ரோமாபுரிக் காட்சிகளைப் பார்த்தே வளர்ந்தவர். சிறுவயது முதல் ஏங்கியிருந்த இத்தாலிக்கு அவர் 1786 செப்டம்பர் 3 அன்று, கார்ல்ஸ்பாத் நகரிலிருந்து விடியும் முன், நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினார். அங்கே ஓவியத்தில் தீவிரமாக ஈடுபட்டு நூற்றுக்கணக்கில் வரைந்தார். இறுதியில், தமக்கு விதித்தது ஓவியம் அல்ல, எழுத்துதான் என்ற முடிவுக்கு வந்து 1788இல் திரும்பினார். ‘ஓவியனாவேன்’ என்பதுதான் இலக்கு என்றால் அது தோல்வி. ‘வரைந்து வரைந்து பார்க்கக் கற்பேன்’ என்று வைத்துக்கொண்டால் அதைவிட நிறைவான பயணம் அரிது. ஆகவே இலக்கைத் தேர்ச்சியாக அமைக்காமல் செயலாக அமைப்பது முக்கியம்: ‘நல்ல படம் வரைவேன்’ என்பதைக் காட்டிலும் ‘காலையில் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு பக்கம் வரைவேன்’ என்பது மேலானது.

ஓய்வு வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வின் ஒரே விலக்கு அதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. வேலையிலிருந்து மீள்வதற்கு, மனத்தை வேலையிலிருந்து விலக்குவது, தளர்ந்திருப்பது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நேரம் நம் கையில் இருப்பது என்று நான்கு கூறுகளை உளவியலாளர்கள் சபீனே சொனென்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வகுத்தார்கள். ஓய்வு முதல் இரண்டையும் நான்காவதையும் தரும். பழக்கம் மூன்றாவதை முழுதாகவும் மற்றவற்றை ஓரளவும் தரும். நெருக்கமான பட்டியல் நான்கில் எதையும் உறுதியாகத் தருவதில்லை. உடல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே நகரும், கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் மெதுவாக நகரும் என்பதால், முதல் சில நாட்களின் தூக்கக் கலக்கத்தையும் ஓய்வு வழி தாங்கிக்கொள்கிறது. அதன் குறை, காத்திருக்கும் மாதங்களுக்கு அது எதையும் தராதது.

தடங்கல் வரும்போது மூன்றும் எப்படி நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நார்வேயின் துரும்சோ நகருக்கு வடதுருவ ஒளியைக் காணச் செல்பவருக்கு, ஒரு வாரம் முழுவதும் மேகம் மூடியிருந்தால் பட்டியலின் முதல் வரியே அழிந்துவிடும். இரவுப் புகைப்படம் பழகச் சென்றவருக்குப் பனியும் துறைமுக விளக்குகளும் மிஞ்சும். ஓய்வெடுக்கச் சென்றவருக்கு இழப்பே இல்லை.

என் தேர்வு பழகும் வழி. முன்பதிவு கட்டாயமான இரண்டு மூன்று இடங்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டு, பழக்கத்துக்குக் காலைப் பொழுதை மணி குறிக்காமல் ஒதுக்கி, பிற்பகல்களையும் கடைசி இரண்டு நாட்களையும் வெறுமையாக விடுவேன். மீண்டும் போக வாய்ப்பே இல்லாத ஓர் ஊரில் நான்கு நாள் மட்டும் தங்குகிறவருக்குப் பட்டியலே பொருத்தம். உறக்கம் கெட்டு, எரிச்சல் மிகுந்து, விடுப்பை மருந்தாக எதிர்நோக்கும் ஒருவருக்குப் பட்டியலையோ பழக்கத்தையோ பரிந்துரைக்க மனம் வராது. அவர் ஓய்வெடுக்கட்டும், வரைபடத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, திரும்பிய மறுநாள் காலையில் எது கையோடு வந்திருக்கும் என்பதும் ஒரு கணக்கு: பார்த்த இடம் அங்கேயே இருக்கும், பாதி நிரம்பிய வரைபுத்தகம் மேசைமேல் இருக்கும், அடுத்த பக்கத்தில் மறுபடியும் அந்த ஜன்னலை வரையலாம்.