டெல்லியில் டீசல் கார் விற்கப்போகிறவர்கள் கவனத்துக்கு: கரோல் பாக் யார்டில் நான் பட்டது

டெல்லி, நொய்டா, குர்காவுன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் டீசல் வண்டியை விற்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டு யார்டுக்குப் போங்கள். கரோல் பாக்கில் பழைய கார் வாங்கி விற்கும் யார்டு வைத்திருக்கும் ஒரு டீலரும், அவருக்கு ஆள் பிடித்துத் தரும் தமிழ் புரோக்கர் ஒருவரும் சேர்ந்து செய்த வேலை இது. போலீஸ் புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை.

வண்டி 2017 விட்டாரா பிரெஸ்ஸா, டீசல், 88,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். ஆபீஸ் நொய்டாவுக்கு மாறிய பிறகு மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவே போதும் என்றாகிவிட்டது. மனைவி ஓட்டும் அதே வருஷத்து பெட்ரோல் வேகன் ஆர் ஒன்றும் வீட்டில் உண்டு. விலை தெரிந்துகொள்வோமே என்று இரண்டுக்கும் கேட்டேன். போனில் பிரெஸ்ஸாவுக்கு ஐந்தேகால் லட்சம், வேகன் ஆருக்கு மூன்று. "நம்ம ஊர்க்காரர் சார் நீங்க, உங்ககிட்ட போய் விளையாடுவேனா?" என்றார் புரோக்கர்.

அது 2025 ஜூலை முதல் வாரம். ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு டெல்லி பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் கிடையாது என்ற உத்தரவு ஜூலை 1 அன்று அமலுக்கு வந்திருந்தது. பங்குகளில் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, டிவியில் நாள் முழுக்க அதே பேச்சு. யார்டில் பிரெஸ்ஸாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இனிமே டெல்லியில டீசலுக்கு இரும்பு விலைதான் சார், ரெண்டு தொண்ணூறு" என்றார்கள். வேகன் ஆருக்கு மட்டும் அதே மூன்று லட்சம், இப்போதே பணம் தருகிறேன் என்றார் டீலர். அது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டும் மாருதி, இரண்டும் எட்டு வயது. ஆனால் டெல்லியில் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்தான் கணக்கு. 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன்படி பார்த்தால் என் வண்டிக்கு 2027 வரை எந்தத் தடையும் இல்லை. பங்குத் தடையே டீசலில் பத்து வயது தாண்டியதற்குத்தான். அதைச் சொன்னால், "இன்னும் ரெண்டு வருஷ வண்டிக்கு யார் சார் காசு போடுவாங்க?" என்கிறார் டீலர்.

டெல்லிக்காரர் போடமாட்டார், சரிதான். இவர்கள் டெல்லிக்காரருக்கு விற்பதே இல்லை! என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் அதே வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் புதுப்பிக்கவும் செய்யலாம். அதுவும் மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் இன்ஜினையே நிறுத்திவிட்டதால், பழைய டீசல் பிரெஸ்ஸாவுக்குத் தெற்கே கிராக்கி அதிகம். வாங்கும்போது டெல்லி விலை, விற்கும்போது திருப்பூர் விலை. இதில் வியாபாரம் மட்டும் இருந்தால் நான் இந்தப் பதிவே எழுதியிருக்கமாட்டேன்.

பேரம் பேசி மூன்று நாற்பதுக்கு முடித்தேன். என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்குமான ஃபார்ம் 28, 29, 30 மூன்றிலும் வாங்குபவர் பெயர் இல்லாமல் கையெழுத்து கேட்டார்கள், கொடுத்தால்தான் பணம். தேதி, நேரம், மீட்டர் ரீடிங் எழுதிய டெலிவரி நோட்டில் டீலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) வேறு பெயருக்கு மாறிவிடும் என்றார்கள். எண்ணெய்த் தடை அடுத்த சில நாளில் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ல், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆர்.சி. மட்டும் மாறவில்லை.

பிறகு நாக்பூர் பக்கத்திலிருந்து அதிவேகத்துக்கு ஒரு சலான் (அபராதச் சீட்டு), என் பேரில். அதை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே திருப்பூரிலிருந்து, வண்டியை வாங்கப் பார்க்கும் ஒருவர் போன் செய்தார். சர்வீஸ் புத்தகத்தில் என் நம்பரைப் பார்த்திருக்கிறார். "அண்ணா, வணக்கமுங்க. இந்த பிரெஸ்ஸா உங்க வண்டிங்களா? நாப்பத்திரெண்டாயிரம்தான் ஓடிருக்குதுங்கறாங்க, நெசந்தானுங்களா?" அவரிடம் கேட்ட விலை ஐந்து அறுபது. கடைசி சர்வீஸ் பில்லை அனுப்பினேன். அதில் 86,000. தம்பி வாங்கவில்லை.

இதில் மீட்டரைவிட எனக்குப் பெரிய பயம் ஆர்.சி.தான். விற்ற வண்டி விபத்தில் மாட்டினாலும், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து இதற்கு ஒரு வழி இருக்கிறது. போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால், ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்த பிறகு, அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை டீலர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். இந்த யார்டில் அந்தச் சான்றைக் காட்டச் சொன்னபோது, "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்று பதில் வந்தது. நம்ம ஊர்க்காரர் அதன்பிறகு போனே எடுப்பதில்லை.

டெலிவரி நோட்டின் நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து, வக்கீல் நோட்டீஸும் போன பிறகுதான் பெயர் மாறியது. சலான் தொகை இன்னும் வரவில்லை. நீங்கள் விற்கும்போது ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குச் சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். டீலர்கள் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை.

டீசலுக்கு மட்டும்தான் இந்த அடி என்று நினைக்கவேண்டாம். ஃபோர்டு, செவர்லே வைத்திருந்தால் "கம்பெனியே போயிடுச்சே" என்று ஆரம்பிப்பார்கள். ஜெர்மன் சொகுசு கார்களின் முதல் ஓனர் பாடு இன்னும் மோசம்: சர்வீஸ் செலவுக்கு பயந்தே அடுத்தவர் தள்ளி நிற்பார். எலக்ட்ரிக் என்றால் பேட்டரி வாரண்டியில் மிச்சம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. இன்னோவாக்காரர்களிடம் மட்டும் இவர்கள் குரல் கொஞ்சம் தணிந்துதான் வரும், ஆனால் டெல்லியில் டீசல் இன்னோவாவுக்கும் அதே பத்து வருஷப் பேச்சுதான். அதனால் டெல்லி யார்டு ஒன்றில் விலை கேட்டுவிட்டு, அதே மாடல் சென்னையிலும் கோவையிலும் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: டி.எல். என்று தொடங்கும் டெல்லி நம்பர் வண்டி மலிவாகத் தெரிந்தால், தமிழ்நாட்டில் மறுபடி கட்டவேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மீட்டரை நம்பாமல், சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து ஹிஸ்டரி கேளுங்கள். 42,000 கிலோமீட்டர் ஓடிய 2017 வெள்ளை பிரெஸ்ஸா என்று யாராவது காட்டினால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், பில் நகல் அனுப்புகிறேன்.