ஷாப்லாட் முதல்லயா, ஆளுங்க முதல்லயா? கோலாலம்பூர்ல கோவொர்க்கிங் தொடங்க நினைக்கிறவங்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் ஒரு ஷாப்லாட் மேல்மாடிய எடுத்து கோவொர்க்கிங், அதாவது பல பேர் மாசக் காசு குடுத்து ஒண்ணா உக்காந்து அவங்கவங்க வேலைய பாக்குற இடம், போடலாமான்னு யோசிக்கிற நம்ம பிள்ளைங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க. டிசைன் பண்றவங்க, கணக்கு எழுதுறவங்க, ஆன்லைன்ல டியூஷன் எடுக்குறவங்கன்னு வீட்லயே உக்காந்து வேலை பாக்குறவங்க நம்ம ஆளுங்கள்லயும் கூடிட்டாங்க, அதனால தேவை இருக்குங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. எத முதல்ல செய்யறதுங்கறதுலதான் பேச்சு.

முதல் வழி, இடத்த எடுத்துட்டு ஆள் தேடுறது. இதுல பலம் என்னன்னா, கைகாட்ட ஒரு இடம் இருக்கும், வர்றவங்களுக்கு மேசை, ஏர்கான், வைஃபை எல்லாம் முதல் நாளே ரெடி. ஆனா கணக்க போட்டுப் பாருங்க. வாடகை 8,000 ரிங்கிட்னு வச்சுக்குவோம். ரெண்டு மாச டெபாசிட், தண்ணி கரண்டுக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, ஆக கதவத் திறக்கறதுக்கு முன்னாடியே 28,000 போயிடும். ரினோவேஷன், நெட், டிபிகேஎல் லைசென்ஸ், சைன்போர்டு எல்லாம் தனி. மெம்பர் ஒருத்தருக்கு மாசம் 350ன்னா வாடகைக்கு மட்டுமே 23 பேர் வேணும். அந்த 23 பேர் யாருன்னே தெரியாம கையெழுத்துப் போடறதுதான் இந்த வழி. நீங்க ஓனர்கிட்ட ரெண்டு மூணு வருஷத்துக்கு மாட்டிக்கிறீங்க, மெம்பரோ மாசா மாசம் கிளம்பிடலாம். 2010ல ஆரம்பிச்ச வீவொர்க்ங்கற கோவொர்க்கிங் கம்பெனி அவ்ளோ பெருசா வளர்ந்தும் 2023 நவம்பர்ல அமெரிக்காவுல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனதுக்கு இந்த நீண்ட வாடகை ஒப்பந்தங்களோட சுமை ஒரு பெரிய காரணம்.

ரெண்டாவது, வாட்சாப் இல்ல டெலிகிராம் குரூப். செலவே கிடையாது, ஒரே வாரத்துல நூறு பேரக்கூட சேத்துடலாம். இத நான் குறைவாத்தான் மதிக்கிறேன். "சூப்பர் ஐடியா, திறந்ததும் சொல்லுங்க"ன்னு எழுதறவங்க திறந்ததும் வருவாங்கன்னு நம்பி வாடகை கட்ட முடியாது. சேதி சொல்ல குரூப் வேணும்தான், ஆனா அத சமூகம்னு எண்ணிடாதீங்க.

மூணாவதுதான் நான் மனசார சொல்ற வழி. வாரத்துல ஒரு நாள், அதே நாள், அதே நேரம், யாரோ ஒருத்தரோட இடத்துல லேப்டாப்போட கூடி உக்காந்து வேலை பாக்குறது. 2006லயே நியூயார்க்ல இதே மாதிரி சும்மா கூடி வேலை செய்யறத 'ஜெல்லி'ன்னு பேர் வச்சு நடத்தினாங்க. ஃபிலடெல்ஃபியாவுல அலெக்ஸ் ஹில்மன் காபிக் கடைங்கள்ல ஆளுங்கள ஒண்ணு சேர்த்துட்டு அப்புறம்தான் 2007ல 'இண்டி ஹால்'ங்கற கோவொர்க்கிங் இடத்த திறந்தார். அதுக்கும் முன்னாடி 2005ல சான் பிரான்சிஸ்கோவுல பிராட் நியூபெர்க் வாரத்துல ரெண்டே நாளுக்கு ஒரு இடத்த எடுத்து கோவொர்க்கிங்னு ஆரம்பிச்சப்ப முதல் மாசம் ஒருத்தர்கூட வரல, அப்புறம் அவரே வெளிய போய் ஆள் கூப்பிட வேண்டியதாச்சு. அவர் தாங்கினதுக்குக் காரணம் வாரத்துக்கு ரெண்டு நாள் வாடகைதான் கையக் கடிச்சது.

நம்ம ஊர்ல எங்க உக்கார்றதுன்னு கேப்பீங்க. மாமாக் கடை பேசறதுக்கு அருமை, வேலைக்கு சரிப்படாது, பிளக் கிடைக்காது, டிவி சத்தம் வேற. லைப்ரரியில அமைதி இருக்கும், ஆனா கிளையண்ட் கால் எடுக்க முடியாது. அதனால காலையில லைப்ரரி, மத்தியானம் எல்லாரும் சேர்ந்து மாமாக்ல சாப்பாடும் தே தாரிக்கும்னு ரெண்டையும் சேர்த்துக்கலாம், உண்மையான பழக்கம் அந்த சாப்பாட்டு மேசையிலதான் உண்டாகும். யார் எந்த வேலை பாக்குறாங்க, யாருக்கு எந்த வேலைய கைமாத்தி விடலாம்னு அங்கதான் தெரிய வரும், அந்தப் பலன் கண்ணுல பட்டாத்தான் அடுத்த வாரமும் வருவாங்க. கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து வர்ற தூரத்துல வச்சா எல்ஆர்டி, கேடிஎம், மோனோரயில் எதுல வந்தாலும் சரி, பார்க்கிங் தேட வேணாம். தீபாவளிக்கு முந்தின வாரங்கள மட்டும் கணக்குல சேர்க்காதீங்க, பிரிக்பீல்ட்ஸ்ல அப்ப வியாபாரக் கூட்டம்தான் இருக்கும், உங்ககிட்ட வர்ற ஆளுங்க குறைஞ்சுட்டாங்களேன்னு நீங்க பயந்துடுவீங்க.

பினாங்குல இதே ஆட்டம் கொஞ்சம் மாறும். தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில குடியிருக்கறவங்கள சாயங்காலம் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு வான்னு கூப்பிட்டா வர மாட்டாங்க, அங்க ரெண்டு கரையிலயும் மாத்தி மாத்தி வைக்கறதுதான் நியாயம்.

இந்த வழியிலயும் குறை உண்டு. மெதுவாத்தான் நகரும், வருமானம் கிடையாது, அதுக்குள்ள நீங்க கண்ணு வச்ச ஷாப்லாட்ட வேற யாராவது எடுத்துடலாம். அந்த இடம் போனா போகட்டும்ங்க, மேல்மாடி காலியா இருக்கற ஷாப்லாட் இந்த ஊர்ல இன்னும் கிடைக்கும்.

எப்ப கையெழுத்துப் போடலாம்னா, நான் பாக்கறது ரெண்டு விஷயம். நீங்க வராத வாரமும் அவங்களா கூடி உக்கார்றாங்களா? அப்புறம், தெரிஞ்சவர் ஆபீஸ்ல நாலஞ்சு மேசைய மாச வாடகைக்கு எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் காசு கேட்டா முகம் சுளிக்காம குடுக்கறாங்களா? இந்த நாலஞ்சு மேசை கட்டத்த தாண்டாம நேரா பெரிய இடத்துக்குப் போகாதீங்க, ஏர்கான் குளிர், கால் சத்தம், சாவி யார்கிட்டங்கற சண்டையெல்லாம் குறைஞ்ச செலவுல அங்கயே தெரிஞ்சுடும். ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வந்தா, அதுல நாலு பேர கூட்டிட்டுப் போய் இடம் பாருங்க, ஓனர்கிட்ட மூணு வருஷம் பேசாம ஒரு வருஷம், புடிச்சா இன்னொரு வருஷம்னு பேசுங்க.