கடன் முடியாத காரை வாங்கப் போய் 20,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொலைத்தேன், நீங்களாவது கவனமாக இருங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம், போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றார். "கடன் கொஞ்சம் பாக்கி இருக்காம்ணே, கடைக்காரரே அடைச்சிடுவாராம்" என்றார். அதே வார்த்தை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியோடு டாக்சி பிடித்துப் போய்வருவது, அதிலும் காலை ஆறரைக்கு மழையில் நிற்பது, அவருக்கும் முடியவில்லை எனக்கும் முடியவில்லை. புது வண்டி வாங்க வசதி இல்லை, சிஓஇ (பத்து வருஷம் வண்டி வைத்திருக்க அரசாங்கம் தரும் உரிமைச் சான்றிதழ்) விலை உங்களுக்கே தெரியும். அதனால் பத்து வருஷம் முடிந்து சிஓஇ புதுப்பித்த பழைய வண்டியாகப் பார்த்தேன். 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு டொயோட்டா ஆல்டிஸ் கிடைத்தது. 2012இல் பதிவானது, 2022 நடுவில் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள், மூன்று வருஷம் சொச்சம் பாக்கி. விலை 33,500 வெள்ளி. வண்டி உரிமையாளர் விற்கச் சொல்லிக் கடையில் விட்டுவைத்தது, கடைக்குக் கமிஷன் மட்டும்தான் என்றார்கள்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. பழைய கார்க் கடைகள் நிறைந்திருந்த டர்ஃப் சிட்டி வளாகம் 2023 கடைசியோடு மூடியதும் பழைய கார் வியாபாரிகள் பல இடத்துக்கும் பிரிந்து போனார்களே, இவர்களும் அப்படித்தான் இடம் மாறி வந்ததாகச் சொன்னார்கள். பெயர்ப்பலகைகூடச் சரியாக மாட்டியிருக்கவில்லை. இப்போதுதானே வந்திருக்கிறார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விற்பனையாளர் நம்ம ஆள், நன்றாகத் தமிழ் பேசினார், அம்மாவைப் பற்றிக் கேட்டார், வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து நாற்காலி மடித்து வைக்க இடம் இருக்கிறதா என்று அவரே அளந்து காட்டினார். அதில்தான் நான் விழுந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கடன் பாக்கி இருப்பதை அவர் மறைக்கவே இல்லை. இதைக் கவனியுங்கள். "அண்ணே, வண்டி மேல 19,000 கடன் இருக்கு, அதை அடைச்சாத்தான் பெயர் மாத்த முடியும், நீங்க அந்தத் தொகையைக் குடுத்தீங்கன்னா ரெண்டு வாரத்துல முடிச்சிடுவோம், மீதியைப் பெயர் மாறின அன்னைக்குக் குடுங்க" என்றார். நேர்மையாகப் பேசுகிறார் என்று தோன்றியது. 1,000 வெள்ளி முன்பணம், இரண்டு நாள் கழித்து 19,000, இரண்டையும் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது கொடுத்தார்கள். சாவியையும் கொடுத்துவிட்டார்கள்! அம்மாவுக்கு அவசரம் என்பதால் எடுத்துப் போங்கள், காப்புறுதி பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது, யார் ஓட்டினாலும் செல்லும் என்றார்கள். மே 2ஆம் தேதி வண்டி எங்கள் புளோக் பார்க்கிங்கில் நின்றது. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தக் காப்புறுதிப் பேச்சை நான் சரிபார்க்கவில்லை. அது பெரிய தப்பு. செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாமல் ஓட்டி மாட்டினால் இங்கே அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், அதோடு 12 மாதம் உரிமமும் போகும். நான் ஓட்டியது எல்லாம் டயாலிசிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்கும்தான், ஆனால் வழியில் யாரையாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை.

இரண்டு வாரம் ஆனது, மூன்று ஆனது. கேட்டால் "பைனான்ஸ்ல புராசஸ் ஆகுதுண்ணே". அப்புறம் "உரிமையாளர் ஊருக்குப் போயிருக்கார், சிங்பாஸில் நுழைந்து அவர்தான் பெயர் மாற்றத்தைத் தொடங்கணும்". அது உண்மையான நடைமுறைதான், விற்பவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையச் சேவையில் தொடங்கி வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், கட்டணம் 25 வெள்ளி. அதனால் நம்பினேன். உண்மையும் பொய்யும் கலந்து பேசும்போது கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஜூன் கடைசியில் ஒரு காலை கீழே போனால் வண்டி இல்லை. திருட்டு என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டேன். பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு, கடன் கொடுத்த நிறுவனம் ராத்திரி இழுத்துப் போயிருக்கிறது, ஏற்கெனவே தகவல் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். அம்மா லிஃப்ட் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார். சக்கர நாற்காலி வண்டியின் பின்பக்கத்தில். நான் நிறுவனத்துக்கு போன் அடித்து நாற்காலியையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "உங்கள் பெயர் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, கடன் வாங்கியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தவணை முறைக் கடன் முடியும் வரை சட்டப்படி வண்டி அவர்களுடையது. பதிவில் இருக்கும் பெயருக்கும் சட்டப்படி சொந்தக்காரருக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வண்டி வாங்கும்போது உள்ளே கிடந்த சர்வீஸ் ரசீதுகளைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் பழைய உரிமையாளரின் எண் இருந்தது. கூப்பிட்டேன். ஈசூனில் இருக்கிறார், அறுபதை நெருங்கும் மனிதர், அவரும் தமிழர். ஊருக்கெல்லாம் போகவே இல்லை. நான் கத்தத் தயாராக இருந்தேன், அவர் முதலில் கேட்டது "தம்பி, வண்டி உங்ககிட்டயா இருந்துச்சு? எனக்கு மூணு மாசமா லெட்டர் வருது" என்று. மார்ச்சில் கடையில் வண்டியை விட்டிருக்கிறார். ஏப்ரலில் "உங்க கடனை அடைச்சாச்சு, இனி நீங்க கட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் தவணையை நிறுத்திவிட்டார். கடிதம் வந்தபோது கேட்டதற்கு, "அது கம்ப்யூட்டர்ல தானா வர்றது ஐயா, கண்டுக்காதீங்க" என்றிருக்கிறார்கள். என் 19,000 கடன் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

அன்று மாலையே காப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் காகிதங்களை விரித்துப் பார்த்தோம். அப்போது ஒன்று புரிந்தது. 30,000 வெள்ளி கடன், 60 மாதம், ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி (கடைசிவரை முழுக் கடன் தொகை மேலேயே), மாதம் 587.50. 22 மாதம் கட்டிவிட்டார், 38 பாக்கி. முப்பதாயிரத்தில் அறுபதுக்கு முப்பத்தெட்டு என்று கணக்குப் போட்டால் சரியாக 19,000 வருகிறது. அவர் மனக்கணக்காகக் கடையில் சொன்ன எண் அது, அதையே அவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி வண்டிக் கடனில் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகமாக ஏறும், '78 விதி' என்று சொல்வார்கள், முன்கூட்டியே அடைத்தால் தள்ளுபடியாகும் வட்டியிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கடன் நிறுவனத்தைக் கேட்டு வாங்கிய கணக்குப்படி, ஏப்ரலில் அடைத்திருந்தால் 20,600 சொச்சம் ஆகியிருக்கும். அதாவது 19,000 என்று என்னிடம் சொன்ன நாளில் கடையிலிருந்து ஒருவர்கூடக் கடன் நிறுவனத்துக்கு போன் செய்து கேட்கவில்லை. நான் ஒரே ஒரு கடிதம் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அந்தக் கடிதத்தைத்தான் உங்களைக் கேட்கச் சொல்கிறேன். கடனை முழுதாக அடைக்க எவ்வளவு, எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும் என்று கடன் நிறுவனம் தன் தலைப்புத் தாளில் எழுதிக் கொடுக்கும், கடன் வாங்கியவர் கேட்டால்தான் கொடுக்கும். அதற்காகவே உரிமையாளரை நேரில் பார்க்க வேண்டும், கடைக்காரர் சந்திக்க விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். கடிதம் கையில் வந்ததும், அந்தத் தொகைக்குக் கடன் நிறுவனத்தின் பெயரிலேயே வங்கியில் கேஷியர்ஸ் ஆர்டர் (வங்கியே பொறுப்பேற்றுக் கொடுக்கும் காசோலை) எடுங்கள், கடை பெயரில் இல்லை, உரிமையாளர் பெயரிலும் இல்லை. பின்பக்கம் வண்டி எண்ணையும் ஒப்பந்த எண்ணையும் எழுதி, முடிந்தால் உரிமையாளரோடு நீங்களே போய்க் கட்டுங்கள். கடன் தீர்ந்தது என்ற கடிதம் வந்த பிறகு உங்கள் பெயரில் காப்புறுதி, பெயர் மாற்றம், அப்புறம் மீதிக் காசு. சாவி கடைசியில். முன்னாடியே சாவி கொடுத்தால் அது உதவி இல்லை, உங்கள் வாயை அடைக்க.

இன்னொன்று. நான் வங்கிக் கடன் எடுக்காமல் சேமிப்பைக் கொடுத்தேன், அதுதான் பத்திரம் என்று நினைத்து. வண்டிக் கடனுக்கு நாணய ஆணையத்தின் (இங்குள்ள மத்திய வங்கி) வரம்பு இருக்கிறது, வண்டியின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேர்க்காத இறக்குமதி விலை, 20,000 வரை என்றால் வாங்கும் விலையில் 70 விழுக்காடுவரை கடன், மேலே போனால் 60, அதிகபட்சம் ஏழு வருஷம். எனக்கு எதற்கு அந்தச் சுமை என்று விட்டேன். ஆனால் கடன் எடுத்திருந்தால் எனக்குக் கடன் கொடுக்கும் வங்கியே பழைய கடன் தீர்ந்ததா என்று தோண்டிப் பார்த்திருக்கும், தன் காசு என்பதால். ரொக்கமாக வாங்குபவருக்கு அப்படிப் பார்க்க யாரும் இல்லை, அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். 2012இல் வந்த 'லெமன்' சட்டம் உதவுமா என்று கேட்டேன், அது பழுதான பொருளுக்கு, வண்டியில் பழுதே இல்லை. போலீஸ் புகாரும் கொடுத்திருக்கிறோம், இரண்டு பேரும் தனித்தனியாக. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. என் தொகை சரியாக 20,000. உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. அதற்குள் கடை காலி. உத்தரவு வேறு, காசு வேறு. அமலாக்கத்துக்கு நான்தான் மறுபடி செலவு செய்து விண்ணப்பிக்க வேண்டும், செய்திருக்கிறேன்.

ஈசூன் ஐயாவின் நிலைமை என்னைவிட மோசம். வண்டியை விற்றுக் கடனில் கழித்துக்கொண்டார்கள், போதாத தொகை அவர் தலையில். அவ்வளவு கஷ்டத்திலும் வண்டியைப் பிடித்த மறுநாளே கிடங்குக்கு என்னோடு வந்து கையெழுத்துப் போட்டு அம்மாவின் நாற்காலியை எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

முதலில் சொன்ன தம்பி முன்பணம் கட்டவில்லை. கடன் நிறுவனத்தின் கடிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கடையிலிருந்து அதற்கு இன்னும் பதில் இல்லையாம். இதைப் படிக்கும் யாராவது 'கடனை நாங்கள் அடைக்கிறோம்' என்ற பேச்சை நம்பி ஏற்கெனவே காசு கொடுத்திருந்தால், இன்றைக்கே உரிமையாளரைத் தேடிப் பிடித்து தவணை நின்றிருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, ரசீது, வங்கி விவரம் எதையும் அழிக்காதீர்கள். என் வழக்கில் கைகொடுத்தது அவைதான்.