எச்சரிக்கை: ‘முழு முக ஸ்கேன்’ என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

பெயரைச் சொல்லப்போவதில்லை, அது ஒரு தனியார் ஸ்கேன் மையம்.

பந்து தாக்கியதில் என் தம்பியின் கண் வீங்கி, மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கன்னமும் மேலுதடும் மரத்துப்போயிருந்தன. வரவேற்பில் இருந்தவர் கணினித் திரையில் ஒரு மண்டையோட்டின் முப்பரிமாணப் படத்தை மெல்லச் சுழற்றிக் காட்டி, “எங்கள் தொகுப்பில் மயிரிழை முறிவுகூடத் தப்பாது” என்றார். அதை நம்பித்தான், எக்ஸ்ரே கதிர்களால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை அங்கேயே கட்டினேன். ரிப்போர்ட்டில் “முறிவு இல்லை” என்று வந்தது.

கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, கொரோனல் படங்கள், அதாவது முகத்துக்கு இணையாகச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது போன்ற படங்கள், எங்கே என்பதுதான். கண்குழியின் தரை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் அமைந்த மெல்லிய எலும்பு. அதற்கு இணையாக, அதுவும் தடித்த அடுக்குகளாக எடுத்த படங்களில் முறிவு எளிதில் மறைந்துவிடும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அடுக்குகளில் எடுத்து, கொரோனல் படங்களாகவும், பக்கவாட்டிலிருந்து பார்ப்பது போன்ற சஜிட்டல் படங்களாகவும் மாற்றிப் பார்த்தால்தான், தரை உடைந்து கொழுப்போ கண்ணை அசைக்கும் தசையோ கீழேயுள்ள காற்றறைக்குள் இறங்கியிருப்பது தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரே பல முறிவுகளைத் தவறவிடும். அந்த அழகான முப்பரிமாணப் படமோ மெல்லிய எலும்பில் இல்லாத ஓட்டையைக்கூடக் காட்டுமாம்!

அதே ஸ்கேனிலிருந்து கொரோனல் படங்களை உருவாக்கித் தருமாறு கேட்டபோது, மெல்லிய அடுக்குகளின் தரவை அழித்துவிட்டதாகக் கூசாமல் சொன்னார்கள். மேலாளர் முதலில் விடுப்பில் இருந்தார், பிறகு கூட்டத்தில் இருந்தார், கடைசியில் வந்து, “சீட்டில் முகம் என்றுதானே எழுதியிருக்கிறது?” என்றார். ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட மருத்துவர் வெளியிலிருந்து பார்ப்பவராம், அவரிடம் பேச முடியாதாம். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியையாவது திருப்பித் தாருங்கள் என்றதற்கு, அடுத்த ஸ்கேனுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வேறொரு இடத்தில், மறுபடியும் கதிர்வீச்சுக்கு உள்ளாகி எடுத்த ஸ்கேனில்தான் தரை உடைந்து தசை சிக்கியிருப்பது தெரியவந்தது. ஒரு மாதச் சம்பளம் போனதைவிட, வீணாய்ப் போன அந்த நாட்கள்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகின்றன.

விரிவாக எழுத நினைத்தேன், அறுவை சிகிச்சை விஷயமாக உடனே கிளம்ப வேண்டியிருக்கிறது. பணம் கட்டும் முன்பே, கண்குழிக்கான மெல்லிய அடுக்கு சி.டி.யும் கொரோனல் படங்களும் உண்டா என்று கேளுங்கள். ஃபிலிமோடு நிற்காமல், எல்லா அடுக்குகளையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். அடிபட்டவரை மூக்குச் சிந்த விடாதீர்கள், காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். குழந்தையாக இருந்து, கண் சிவக்காவிட்டாலும், வாந்தியும் வந்து கண் மேலே அசையாவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.